‘தள்ளுபடி’ வேறு, ‘கணக்கு நீக்கம்’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிகளின் காலாண்டு முடிவுகள் வெளியாகும் நாள்களில் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தைத் தவறாமல் படித்து வருகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் வங்கிப் பணியில் இருந்து, அதில் பெரும்பகுதியைக் கிளை ஆய்வுப் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றவன் நான். வங்கிக் கணக்குகளைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லைப் பற்றியும், அந்தச் சொல்லால் வாசகர் கண்ணுக்குப் படாமல் போகும் ஒரு கணக்கைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ‘தள்ளுபடி’ என்பதே அந்தச் சொல்.

2021 பிப்ரவரியில், கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அங்கே அந்தச் சொல் மிகச் சரியானது. கடன் பெற்றவர் இனி ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. அவருக்காக அரசு அந்தத் தொகையைச் சங்கத்துக்கு ஈடு செய்கிறது. ஆனால், 2014-15 முதல் 2023-24 வரையிலான பத்து ஆண்டுகளில் வணிக வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைத் தங்கள் கணக்குகளிலிருந்து நீக்கியிருப்பதாக 2025 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தபோதும் நம் மொழியில் அதே ‘கடன் தள்ளுபடி’தான் புழங்கியது. பயிர்க்கடனில் நடந்ததும் இதில் நடந்ததும் ஒன்றல்ல. இரண்டாவதை வங்கியில் நாங்கள் ‘ரைட்-ஆஃப்’ என்போம், முதலாவது ‘வேவர்’. ஆங்கிலத்தில் இரண்டாக இருப்பது தமிழில் ஒன்றாகிவிட்டது.

ரைட்-ஆஃப் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்க அனுமதியுங்கள். தவணையோ வட்டியோ 90 நாள்களுக்கு மேல் கட்டப்படாமல் நிற்கும் கடன் வாராக்கடனாகிறது. பயிர்க்கடனுக்கு மட்டும் இந்தக் கெடு பருவக் கணக்கில் பார்க்கப்படும். அன்றிலிருந்து அந்தக் கடனுக்கு வரவேண்டிய வட்டியை, கையில் வந்தாலன்றி, வங்கி வருமானமாகக் காட்டக் கூடாது. அதோடு, தன் இலாபத்திலிருந்து ஒரு பங்கை அந்தக் கடனுக்கென ஒதுக்கியும் வைக்க வேண்டும். சொத்து அடமானமாக ஈடுள்ள கடனாயின் முதல் ஆண்டில் 15 சதவீதம், ஐயத்துக்குரிய கடனாக மாறிய பிறகு 25, பின்பு 40, இறுதியில் 100 சதவீதம் என்று அந்த ஒதுக்கீடு ஏறிக்கொண்டே போகும். இப்படி ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் முழுத் தொகைக்கும் ஒதுக்கீடு செய்துவிட்டபின், அந்தக் கடனையும் அதற்கான ஒதுக்கீட்டையும் ஒன்றுக்கொன்று நேர் செய்து, வங்கியின் சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் ஐந்தொகையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கடன் வாங்கியவரின் பேரேட்டில் நிலுவை அப்படியே இருக்கும். வழக்கும் ஏலமும் அவற்றின் போக்கில் தொடரும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும், கடன்தாரர் மீதான உரிமையைச் சிறிதும் விட்டுக்கொடுக்காமல் கணக்கு நோக்கத்துக்காக மட்டும் நீக்குவதே ‘டெக்னிக்கல் ரைட்-ஆஃப்’ என்றுதான் வரையறுத்தது.

இதைச் சொற்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், எங்கள் தெருவில் வசித்த ஒருவர், டிராக்டர் கடன் வாங்கியிருந்தவர், வங்கியிலிருந்து வந்த அறிவிப்போடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். வட்டியோடு சேர்ந்து அசலைப் போல இரு மடங்குக்கு நிலுவை வளர்ந்திருந்தது. வங்கி பல ஆயிரம் கோடிக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்ததாகவும், தன் கடனும் அதில் அடங்கும் என்று நம்பி, பேசித் தீர்க்க வரும்படி கிளையிலிருந்து வந்த இரண்டு கடிதங்களைப் பிரிக்காமலே வைத்துவிட்டதாகவும் சொன்னார். ஒரே தவணைத் தீர்வில் பாதிக்கும் குறைவான தொகையில் அந்தக் கடன் முடிந்திருக்கும். கெடு கடந்துவிட்டது. டிராக்டரை விற்றும் போதாமல், மனைவியின் நகையையும் விற்றுக் கட்டினார். நாணயமான மனிதர். எழுத்தறிந்தவர், செய்தியைக் கவனமாகப் படிக்கக்கூடியவர். படித்த சொல்லை நம்பினார், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் இந்தத் தவறு என்றால், மறுபக்கம் இன்னொன்று இருக்கிறது. எதிர்க்கட்சிகள் ‘பெருமுதலாளிகளின் கடன் தள்ளுபடி’ என்று கூறும்போதெல்லாம், ‘இது வெறும் கணக்கு நடைமுறை, யாருக்கும் எந்தச் சலுகையும் இல்லை’ என்று பதில் வருகிறது. அந்தப் பதில் பாதி உண்மை. கடன்தாரருக்குச் சலுகை இல்லை என்பது சரி. ஆனால் முன்பு சொன்ன அந்த ஒதுக்கீடு வானத்திலிருந்து வருவதில்லை; ஒவ்வோர் ஆண்டும் இலாப நட்டக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. இலாபம் போதாதபோது மூலதனம் கரைகிறது. மூலதனம் கரைந்தால் பங்குதாரர் நிரப்ப வேண்டும். பொதுத்துறை வங்கிக்குப் பங்குதாரர் நாம்தான். 2016-17 முதல் 2020-21 வரை பொதுத்துறை வங்கிகளுக்கு மத்திய அரசு ஏறத்தாழ 3.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் அளிக்க நேர்ந்ததன் காரணம் இந்தக் கணக்குகளில்தான் இருக்கிறது. நீக்கப்பட்ட கடனில் ஒரு சிறு பகுதியே பிற்பாடு வசூலாகிறது என்பதை வசூல் பிரிவில் வேலை பார்த்த எவரும் அறிவர்.

இனி, அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறையும் கணக்குக்கு வருகிறேன். வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11.2 சதவீதமாக இருந்து 2025 மார்ச்சில் 2.3 சதவீதத்துக்கு இறங்கியது. மகிழ்ச்சிக்குரிய செய்தி; அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. திவால் சட்டம் வந்தபின் வசூல் மேம்பட்டதும், புதிய கடன்கள் கவனமாகக் கொடுக்கப்பட்டதும் உண்மை. எனினும் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். 1,000 கோடி ரூபாய் கடன் கொடுத்த வங்கிக்கு 80 கோடி வாராக்கடன் இருந்தால் விகிதம் 8 சதவீதம். அதில் 50 கோடியைக் கணக்கிலிருந்து நீக்கினால், மீதம் 950 கோடியில் 30 கோடி, விகிதம் 3.16 சதவீதம். கடன்தாரர்களிடமிருந்து ஒரு காசும் வரவில்லை. மறுநாள் நாளிதழில் ‘வாராக்கடன் பாதிக்கு மேல் குறைந்தது’ என்று வரும் செய்தியும் பொய்யல்ல.

எந்த வங்கியில் வசூலால் குறைந்தது எவ்வளவு, நீக்கியதால் குறைந்தது எவ்வளவு என்பது இரகசியமும் அல்ல. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-இன்படி தயாராகும் ஐந்தொகையின் பின்னால் வரும் ‘கணக்குக் குறிப்புகள்’ பகுதியில், ஆண்டின் தொடக்கத்தில் வாராக்கடன் எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு, நிலுவை கட்டி நல்ல கடனாக மீண்டது எவ்வளவு, வசூலானது எவ்வளவு, கணக்கிலிருந்து நீக்கியது எவ்வளவு என்று ஓர் அட்டவணை இருக்கும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நிதிநிலை அறிக்கை வழிகாட்டுதல் இதைக் கட்டாயமாக்கியது. முன்னர் நீக்கப்பட்ட கடன்களில் இந்த ஆண்டு திரும்பி வந்த தொகையும் அங்கேயே கிடைக்கும். ஆண்டறிக்கையின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அது ஓர் அரைப் பக்கம். என் அனுபவத்தில் ஒரு வங்கியின் உடல்நிலையை அறிய அந்த அரைப் பக்கத்துக்கு இணையானது எதுவும் இல்லை.

வாராக்கடனை வாராக்கடன் என்று ஒப்புக்கொள்வதிலேயே தயக்கம் இருக்கும் இடத்தில் அந்த அட்டவணையும் முழுமையாகாது என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிளையை ஆய்வு செய்யப் போயிருந்தேன். அரிசி ஆலை ஒன்றின் கடனில் வட்டி நின்றுபோய் நெடுங்காலம் ஆகியிருந்தும், மார்ச் 31 அன்று அந்தக் கணக்கு ஒழுங்கானதாகவே நின்றது. வவுச்சர்களைப் புரட்டியபோது, மார்ச் 30-ஆம் தேதி ஆலை உரிமையாளரின் தம்பி பெயரில் புதிதாக ஒரு கடன் கொடுக்கப்பட்டு, அந்தப் பணம் அன்று மாலையே ஆலைக் கணக்கில் வட்டியாக வரவு வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வங்கி தன் பணத்தையே தனக்கு வட்டியாகக் கட்டிக்கொண்டு, அதை இலாபம் என்று எழுதியிருந்தது. கிளை மேலாளர் கெட்ட மனிதர் அல்லர். வட்டார அலுவலகத்திலிருந்து வந்த இலக்குக்கு அஞ்சியவர். கணினியே நாள்தோறும் கடன்களை வகைப்படுத்தும் இந்தக் காலத்தில் அதே வேலை வேறு உருவங்களில் நடக்கக்கூடும் என்பதால்தான் ரிசர்வ் வங்கி 2023-இலும் அதைப் பற்றி வங்கி இயக்குநர்களை எச்சரித்தது.

யெஸ் வங்கியின் கணக்கு இதற்குப் பொது ஆவணத்தில் உள்ள சான்று. 2015-16-இல் தன் மொத்த வாராக்கடன் 749 கோடி ரூபாய் என்று அது அறிக்கை வெளியிட்டது. ரிசர்வ் வங்கி சோதித்து, 4,926 கோடி என்று மதிப்பிட்டது. அடுத்த ஆண்டில் அறிக்கை 2,018 கோடி; ரிசர்வ் வங்கியின் மதிப்பீடு ஏறத்தாழ 8,374 கோடி. இவ்வாறான வேறுபாடு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அதையும் கணக்குக் குறிப்புகளில் வெளியிட வேண்டும் என்று 2017 ஏப்ரலில் விதி வந்ததனால்தான் இந்த எண்கள் மக்கள் முன் வந்தன. 2020 மார்ச் 5 அன்று வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தபோது, அந்த எண்கள் அச்சேறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நம் கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியோ எதையும் ஒளித்துக்கொள்ளும் நிலையில்கூட இல்லை: 2018-19-இல் 894 கோடி நட்டம், 2019-20-இல் 836 கோடி நட்டம், 2020 மார்ச்சில் கடனில் நான்கில் ஒரு பங்கு வாராக்கடன், மூலதன விகிதம் (நட்டத்தைத் தாங்க வங்கியிடம் உள்ள சொந்த மூலதனம், அதன் கடன்களின் இடரோடு ஒப்பிடுகையில்) வெறும் 1.12 சதவீதம். அத்தனையும் அறிக்கையில் இருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது பங்குகளின் மதிப்பு பூஜ்யமானது. தலைமுறையாக அந்தப் பங்குகளைச் சொத்தாகக் கருதி வைத்திருந்த குடும்பங்கள் கரூர் வட்டாரத்தில் எத்தனையோ. அவர்களில் எத்தனை பேருக்கு அந்த 1.12 சதவீதத்தின் பொருளை யாரேனும் தமிழில் எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். கடன்தாரரின் பொறுப்பு தீர்ந்துபோகும் இடத்தில் மட்டும் ‘தள்ளுபடி’ என்று எழுதி, வங்கி தன் ஐந்தொகையிலிருந்து எடுக்கும் இடத்தில் ‘கணக்கு நீக்கம்’ என்றோ, ஆசிரியர் குழு தேர்ந்தெடுக்கும் வேறு தெளிவான சொல்லையோ பயன்படுத்துங்கள். முதல் சில முறை, ‘கடன்தாரர் தொடர்ந்து கட்ட வேண்டும்’ என்று ஒரு வரியைச் சேர்த்தால் என் தெருக்காரருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது. அடுத்து, வங்கிகளின் ஆண்டு முடிவுகளை வெளியிடும்போது இலாபத்தோடும் வாராக்கடன் விகிதத்தோடும் நிறுத்தாமல், அந்த அரைப் பக்க அட்டவணையிலிருந்து புதிதாகச் சேர்ந்தது, வசூலானது, நீக்கியது என்ற மூன்று எண்களையும், ரிசர்வ் வங்கி கண்டறிந்த வேறுபாடு ஏதேனும் இருந்தால் அதையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகத் தாருங்கள். குறைந்தபட்சம் கும்பகோணம், கரூர், தூத்துக்குடி ஆகிய ஊர்களைத் தலைமையிடமாகக் கொண்ட நம் வங்கிகளுக்கும், சென்னையிலிருந்து இயங்கும் இரண்டு பொதுத்துறை வங்கிகளுக்குமாவது இதைத் தொடங்கலாம்.

கடன் கெட்டபின் ஒதுக்கும் இப்போதைய முறைக்குப் பதிலாக, கெடக்கூடும் என்று எதிர்பார்க்கும் இழப்புக்கு முன்கூட்டியே ஒதுக்கும் முறையை 2027 ஏப்ரல் முதல் கொண்டுவர ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டது. அது நடைமுறைக்கு வரும்போது முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று கடன்களைப் பிரிக்கும் புதிய எண்கள் அறிக்கைகளில் வரும். ஒதுக்கீடு திடீரென உயர்ந்ததைக் கண்டு வைப்புதாரர்கள் தேவையின்றிப் பதறவும் வாய்ப்புண்டு. அதற்குள் நம் சொற்கள் தெளிவடைந்திருக்க வேண்டும். இந்தப் பணியில் தங்கள் செய்தியாளர்களுக்கு ஆண்டறிக்கையைப் படித்துக் காட்டுவது முதல் எந்த உதவி தேவைப்பட்டாலும், என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆய்வு அலுவலர்கள் சிலர் ஊதியம் எதிர்பாராமல் செய்யக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வு பெற்ற வங்கி ஆய்வு அலுவலர்,
திருச்சிராப்பள்ளி.