பெரிய டிஸ்க்குக்கு முன்னால் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைப்பாதையில் கார் ஓட்டுபவர்களுக்குச் சென்ற இதழில் நீங்கள் சொன்ன யோசனைகளில் ஒன்று, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பெரிதாக்கி, அதைப் பேட்டால் (உராய்வுக் கட்டையால்) அழுத்திப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் கேலிபர், பிரேக் ஆயில் போகும் ஸ்டீல் ஹோஸ் இவற்றையும் மாட்டினால் வண்டி வெகு சீக்கிரம் நின்றுவிடும் என்பது. அப்படி நிற்காது. அதை நம்பிப் பெருந்தொகை செலவு செய்யப்போகும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டியைக் கடைசியில் நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிதான். சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் நல்ல நிலையிலுள்ள காரில் பெடலை ஓங்கி மிதித்தால் காலடியில் அதிர்வு தெரியும். டயர் தாங்கக்கூடிய அளவுக்குப் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் தூரம் குறையாது, நல்ல டயர் போட்டால்தான் குறையும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் உயரம் 1.6 மி.மீ.க்கு மேல் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். ஆனால் ரப்பர் இறுகிப்போன டயர் மழையில் வழுக்கத்தான் செய்யும்.

அப்படியானால் மலையில் ஏன் பிரேக் போகிறது? சூட்டினால். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குன்னூர் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 16 மெகாஜூல். அதே கார் 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிற்கும்போது பிரேக் வாங்கும் சூடு 0.3 மெகாஜூல்தான். எஞ்சினும் காற்றும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால், ஒரே இறக்கத்தில் ஐம்பது முறைக்கு மேல் 80-லிருந்து நிறுத்துவதற்குச் சமம். பிரேக்கிலேயே கால் வைத்து நான்காவது கியரில் இறங்குபவருக்கு எந்த டிஸ்க்கும் தாங்காது. ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்ற வேண்டும்.

சூட்டில் பிரேக் போவது இரண்டு விதம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று தரை வரை இறங்குகிறது, இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு மிதித்தால் கொஞ்சம் எழும்புகிறது என்றால் கேலிபருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அமுங்கும், அழுத்தம் பிஸ்டனுக்குப் போய்ச் சேராது. இரண்டாவது வகையில் ஆபத்து என்னவென்றால், அரை மணி நேரம் நின்றால் ஆறி, பெடல் பழையபடி ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆயிலை மாற்றாமலே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதன் தரத்தை டாட் எண்ணால் குறிப்பார்கள். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்கு விதித்திருக்கும் அளவு 140 மட்டுமே. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இவை மூன்றும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று சேரும். டாட் 5 மட்டும் சிலிக்கோன். பெயர் ஒற்றுமையைப் பார்த்து அதை ஊற்றிவிடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற ஒரு லிட்டர் போதும். பானெட்டுக்குள் உள்ள ஆயில் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றுவது மாற்றியதாகாது. கேலிபர் முனையில் கிடக்கும் பழைய ஆயில்தான் முதலில் கொதிக்கும். நான்கு சக்கரத்திலும் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளில் தெளிவான ஆயில் வரும்வரை எடுக்க வேண்டும்.

இதற்கு அடுத்துச் செலவு செய்யத் தகுந்தது பேட். கடையில் வாங்குவதெல்லாம் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்ற சென்னை நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன, கடைகளுக்கும் அனுப்புகின்றன. போலிதான் பயம். பல பேட்களில் ஓரத்திலோ முதுகிலோ எஃப்எஃப், ஜிஜி என்று இரட்டை எழுத்து அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45 வரை, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55 வரை. இரண்டாவது எழுத்து 'இ' ஆக இறங்கியிருந்தால் மலைக்கு அந்தப் பேட் வேண்டாம். ரேஸ் பேட் அதைவிட வேண்டாம்: குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது, டிஸ்க்கையும் அரித்துவிடும். செராமிக் பேட்டில் தூசியும் சத்தமும் குறைவு. அந்தப் பெயரை மட்டும் வைத்து அதிகச் சூடு தாங்கும் என்று முடிவுகட்ட முடியாது.

ஸ்டீல் ஹோஸ், உப்பித் தளர்ந்த பழைய ரப்பர் ஹோஸுக்குப் பதிலாகப் போட்டால் பெடல் இறுக்கமாக இருக்கும், அவ்வளவே. முனையைக் கையால் கிரிம்ப் செய்த (நெரித்து இறுக்கிய) மலிவு ஹோஸ் அழுத்தத்தில் கழன்றுவிடும், வாங்கவே கூடாது. ஹோஸைக் கேலிபரில் இணைக்கும் பாஞ்சோ போல்ட்டுக்கு இரண்டு காப்பர் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே வீலை மாட்ட வேண்டும். டிஸ்க்கைப் பொறுத்தவரை, துளை போட்டதில் அந்தத் துளையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும்.

பெரிய டிஸ்க் கிட் முன்னால் மட்டும் போட்டால் முன்சக்கரத்தின் பங்கு கூடி, பின்சக்கரம் தன்னால் முடிந்த வேலையைச் செய்யாமல் விடும். நிறுத்தும் தூரம் அதிகமாகவும் வாய்ப்புண்டு. பைக்கிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். கேலிபர் பிஸ்டன் பரப்பு 30 சதவீதம் கூடி, லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால், அதே நகர்வுக்கு 30 சதவீதம் அதிக ஆயில் வேண்டும். லீவர் ஹேண்டில்பாரை நெருங்கி வந்துவிடும். மாற்றுவதென்றால் இரண்டையும் கணக்குப் பார்த்துச் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

"பிரேக் பத்தவில்லை" என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்குப் புதுப் பாகமே தேவைப்படாது. கேலிபர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருக்கும். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் அப்படியே இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கோன் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையை உப்பவைத்துவிடும். ஹேண்ட்பிரேக் ஒன்பது, பத்து பல் (டிக் சத்தம்) மேலே வந்தால் பின் டிரம்மில் அட்ஜஸ்டர் வேலை செய்யவில்லையா, கேபிள் நீண்டுவிட்டதா என்று பாருங்கள். மிதமாகப் பிரேக் பிடிக்கும்போதே பெடல் அதிர்ந்தால் டிஸ்க்கைத் தூக்கிப்போடுமுன் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பாகத்தில்) டிஸ்க் உட்காரும் இடத்துத் துருவைத் தேய்த்து, டிஸ்க் சுழலும்போது ஆடுவதை அளக்க டயல் கேஜ் வையுங்கள். பல கார்களில் 0.05 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. டிஸ்க்கை லேத்தில் தேய்க்கக் கொடுக்குமுன் அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் படியுங்கள்.

புதுப் பேட் போட்டதும் மலைக்குக் கிளம்பக் கூடாது. காலியான ரோட்டில் 60-லிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, அரை நிமிடம் ஓடவிட்டு, பத்துப் பதினைந்து முறை செய்தால் பேட் படியும். சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்தி மிதித்துப் பிடிக்காதீர்கள்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். கம்பெனி அளவுக்கு ஒத்த பேட், ஆயில், ஹோஸ் மாற்றுவது பராமரிப்பு. டிஸ்க்கின் அளவையும் கேலிபரையும் மாற்றினால் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறித்த கேள்வி எழும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் அதைக் கிளப்புவார்கள்.

அடுத்தமுறை பிரேக் கிட் எதையும் சோதித்து எழுதும்போது, பழைய பிரேக்கையும் புதியதையும் ஒரே டயரில், ஒரே ரோட்டில், தொடர்ந்து பத்து முறை நிறுத்தி, முதல் தூரத்தையும் பத்தாவது தூரத்தையும் அச்சிடுங்கள். பழைய பிரேக்குக்குப் புது ஆயில் ஊற்றிவிட்டே சோதியுங்கள்.

இப்படிக்கு,
மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக்