நீ தந்த சீக்கோ வாட்ச் இப்போது என்னிடம் இல்லை

வடசேரி, நாகர்கோவில்
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருந்ததால் கை ஓடவில்லை. இன்று சாயங்காலம் மழை பிடித்தது, கரண்டும் போய்விட்டது. எமர்ஜென்சி லைட்டைப் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. போன வாரம் தக்கலைக்குப் போயிருந்தேன், அம்மாவைப் பார்த்தேன். முட்டுவலி இப்போது தேவலை. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்து, சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்கார வைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பழைய சுவர்க்கடிகாரம் வாரத்துக்குப் பதினோரு நிமிடம் பிந்துகிறதாம். பெண்டுலத்தின் அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு வந்தேன். இன்னும் பிந்தினால் மறுபடியும் போய்ப் பார்க்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். துபாயில் ஒருவன் உனக்கு ரோலக்ஸ் சப்மரைனர் வாட்சின் 'சூப்பர் க்ளோன்', அதாவது அச்சு அசலான போலி ஒன்றைக் காட்டியிருக்கிறான். ரோலக்ஸ் போடுகிற அதே 904எல் ஸ்டீல், உள்ளே ரோலக்ஸின் 3135 மெஷினுக்கே நகல், கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ரோலக்ஸ் முத்திரையான அந்தக் குட்டிக் கிரீடம் வரைக்கும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வாங்கலாமா, வாங்கினால் நான் பிரித்து எண்ணெய் போட்டு, கண்ணாடியைச் சுற்றி இருக்கும் வளையமான பெசலையும் நல்லதாக மாற்றித் தருவேனா என்பது உன் கேள்வி. வேண்டாம் மக்கா. வாங்காதே. கொண்டுவந்தாலும் நான் தொடமாட்டேன். ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதில் உனக்கும் பங்கு உண்டு.

2013-இல் நான் புதிதாக வாட்ச் கூட்டிச் சேர்க்கப் பழகிய நாட்கள் உனக்கு நினைவிருக்கும். சப்மரைனர் மாதிரி கேஸ் ஒன்று தபாலில் வரவழைத்து, சீக்கோவின் என்ஹெச்35 மெஷின் போட்டு, கிரீடமும் பெயரும் அடித்த டயலைப் பதித்தேன். முள் மூன்றும் ஒன்றை ஒன்று உரசாமல் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. என்னோடு வேலை பார்த்தவர் அதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டார். 'இது ஒரிஜினல் இல்லை சார், நான் கூட்டினது' என்று சொல்லியே 11,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். உள்ளதைச் சொல்லித்தானே விற்றோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், போட்டில் போகிறவன். கைக்குட்டையில் சுற்றி ஒரு வாட்ச் கொண்டுவந்திருந்தான். தங்கச்சிக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்குப் போடுவதற்காகச் சீட்டு எடுத்து வாங்கினதாம். 95,000 ரூபாய். 'அவசரத்துக்கு விக்கிறாங்கன்னு கொறச்சுக் கெடச்சது அண்ணா. கல்யாணத்துக்கு முந்தி ஒருதடவ நீங்க பாத்துட்டா எனக்குச் சமாதானம்' என்றான்.

கையில் வாங்கியதுமே மனதில் உறுத்தியது. சப்மரைனரில் 3135 போட்ட மாடலுக்கு மணிக்கு 28,800 அடி, அதாவது நொடிக்கு எட்டு. என்ஹெச்35-க்கு 21,600, நொடிக்கு ஆறு. இரண்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நொடி முள் ஓடுகிற ஓட்டமே காட்டிக்கொடுத்துவிடும். இருந்தாலும் அவசரப்படாமல் கிரவுனை, அதாவது பக்கத்தில் இருக்கும் சாவிக் குமிழைத் திருகி, நேரத்தைப் பன்னிரண்டுக்குப் பக்கம் பையக் கொண்டுபோனேன். 3135-இல் நடுராத்திரி தேதி டக்கென்று ஒரே குதியில் மாறும். இதில் தேதி ஜன்னலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேக் கவரைத் திறந்தேன். மூடியைத் திருப்பி லூப்பில், அதான் கண்ணில் வைக்கிற பூதக்கண்ணாடியில், பார்த்தேன். உள்பக்கம் ஊசியால் கீறிய எழுத்து: 14-8-13. பக்கத்தில் ஒரு சின்ன 'வ'.

வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவர்கள் மூடிக்குள் தேதி கீறி வைப்பது பழைய வழக்கம். மாமா கடையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். அந்த 'வ' என் கையெழுத்து, வடசேரிக்கு வ. பன்னிரண்டு வருஷம் கழித்து என் கை வேலையே என் மேஜைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

'ஒரிஜினல் இல்லை தம்பி' என்றேன். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'இப்படி யாரு அண்ணா செய்யது?' என்று கேட்டான்.

'நான்தான் செய்தேன்' என்று சொன்னேன். மூடியை அவன் கையில் கொடுத்து, லூப்பையும் கொடுத்து அந்தத் தேதியைக் காட்டினேன்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், கேட்டியா. திட்டவில்லை. 'தங்கச்சிகிட்ட என்ன சொல்ல?' என்று மட்டும் கேட்டான்.

என்னிடம் வாங்கினவர் மாற்றலாகி மதுரைக்குப் போகும்போது ஒரு தெரிந்தவரிடம் கொடுத்திருக்கிறார், அவரும் விஷயத்தைச் சொல்லித்தான் கொடுத்ததாகச் சொல்கிறார். அடுத்த கையில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கடைசியாக விற்றவரோ தானே 80,000 கொடுத்து ஏமாந்தவர். பையனோடு நானும் அவர் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். 40,000 திரும்ப வந்தது. நான் அன்று வாங்கிய 11,000-ஐயும் பையன் கையில் கொடுத்தேன். மீதி வரவில்லை. இனி வருமென்றும் தோன்றவில்லை.

நான் வாயால் சொன்ன உண்மை முதல் ஆளோடு முடிந்துபோனது. டயலில் இருந்த பெயரோ அந்த வாட்ச் போன இடமெல்லாம் கூடவே போய்ப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. இதை யோசிக்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. உனக்குக் காட்டிய சூப்பர் க்ளோனில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். என் வேலையைத் தேதி மாறுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். 3135-இன் நகலில் நொடி முள்ளும் எட்டு அடிதான் ஓடும், தேதியும் குதிக்கும். திறந்து பார்த்தால்தான் தெரியும், திறந்தாலும் பழகின ஆளுக்குத்தான் தெரியும். உனக்குப் பிறகு அதை உன் மகன் கட்டுவான், அவனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

சட்டமும் சும்மா இல்லை. நம் நாட்டின் 1999-ஆம் வருஷத்து டிரேட் மார்க்ஸ் சட்டம் 103-ஆம் பிரிவில், அடுத்தவன் முத்திரையைப் பொய்யாகப் பதித்தால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில், 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். விற்பதற்கும் அடுத்த பிரிவில் அதே தண்டனை. அன்று இரண்டையுமே நான் யோசிக்காமல் செய்திருக்கிறேன்.

மாற்றி அமைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த வேலைமேல் எனக்கு இருக்கிற ஆசை ஒரு துளியும் குறையவில்லை. 2024 ஜனவரியில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் ரோலக்ஸ் தொடுத்த வழக்கு ஒன்றில் சொன்ன தீர்ப்பு எனக்கு மனதுக்குப் பிடித்தது. ஒருவர் தன் சொந்த வாட்சைக் கொண்டுவந்து தன் உபயோகத்துக்காக மாற்றித் தரச் சொன்னால் செய்து கொடுக்கலாம். ஆனால் கம்பெனி சம்மதமில்லாமல், மாற்றிய வாட்சை அதே பெயரோடு சந்தையில் வைத்து விற்கக் கூடாது. நீ படம் அனுப்பிய அந்தக் கருப்புப் பூச்சு ரோலக்ஸ்கள் ஞாபகம் இருக்கிறதா? அவற்றுக்குப் பேர்போன, வாட்ச் மாற்றி அமைக்கிற லண்டன் பாம்ஃபோர்டு நிறுவனமும் 2017 முதல் ஜெனித், டாக் ஹாயர் கம்பெனிகளோடு சேர்ந்து, அவர்கள் சம்மதத்தோடேயே மாற்றித் தருகிறது. அது நேர்வழி.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. போன வருஷம் ஹெச்எம்டி பைலட் ஒன்று வாங்கினேன். டயல் கருகருவென்று பளபளத்தது. திறந்தால் மெஷின் சுத்தமான ஹெச்எம்டி, 17 கல், ஒரு குறையும் இல்லை. ஆனால் டயல் மறுபடி பெயின்ட் அடித்தது, எழுத்தின் ஓரமெல்லாம் கசிந்திருந்தது. நல்ல மனுஷனுக்கு வேஷம் கட்டிவிட்ட மாதிரி. 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து ஹெச்எம்டி ஆரம்பித்த வாட்ச் தொழில் அது. 2016-இல் ஹெச்எம்டி வாட்சஸ் கம்பெனியை மூடுவதென்று மத்திய அரசே முடிவெடுத்தது. அந்தக் காலத்து டயல்களில் இருக்கிறவைதான் இனி மிச்சம். அதனால்தான் அப்பாவின் ஹெச்எம்டி ஜனதா வாட்சில் ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் கறையை நான் அப்படியே விட்டிருக்கிறேன். அது அப்பாவின் வியர்வை.

இப்போது உன்னிடம் சொல்லவேண்டிய விஷயம். 2004-இல் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 கொண்டுவந்து தந்தாயே, அதை நான் அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளைக்குப் போட.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வேறு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று கடைகளில் பார்த்தேன், மனது ஒப்பவில்லை. மாப்பிள்ளையும் கடலுக்குப் போகிறவன். இருநூறு மீட்டர் ஆழத்துக்கு என்று செய்த வாட்ச் என் அலமாரியில் எதற்கு இருக்கிறது என்று தோன்றியது.

கொடுப்பதற்கு முன் மூன்று ராத்திரி அதில் உட்கார்ந்தேன். பழைய 7எஸ்26 மெஷின் தளர்ந்திருந்தது, கையால் சாவி கொடுக்கவும் அதில் வழியில்லை. கரைக்கு வந்து பத்து நாள் கழற்றி வைக்கிறவனுக்கு அது வேண்டும் என்று, அந்த வசதி உள்ள என்ஹெச்36 மெஷினை மாற்றினேன். அதில் ஒரு சிக்கல். எஸ்கேஎக்ஸில் கிரவுன் நாலு மணிப் பக்கம் இருப்பதால் மெஷின் சாய்ந்து உட்காரும். புது மெஷினின் தேதித் தட்டு அப்படியே இருந்தால் எண் ஜன்னலில் கோணலாக நிற்கும். அதனால் பழைய மெஷினிலிருந்து கிழமைத் தட்டையும் தேதித் தட்டையும் கழற்றி இதில் போடவேண்டும். கிழமைத் தட்டைப் பிடித்திருப்பது மயிர் கனத்தில் ஒரு சின்ன வளைய கிளிப். டுவீசர் லேசாக வழுக்கியது, கிளிப் பறந்துவிட்டது. ஃபேனை நிறுத்தி, தரையில் படுத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் அது என் சட்டைக் கைமடிப்பில் இருந்தது.

டயல் அதே டயல்தான், 'சீக்கோ' என்றுதான் இருக்கிறது. வாசர்களைப் புதிதாகப் போட்டு சிலிகான் கிரீஸ் தடவினேன். நம் ஊர் உப்புக் காற்றுக்கு அதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு தாளில் எந்தப் பாகம் பழையது, எந்தப் பாகம் மாற்றியது, எந்த தேதியில் என்று எழுதி, பெட்டிக்குள் வைத்தேன். மூடிக்குள்ளும் தேதி கீறியிருக்கிறேன், வழக்கம்போல 'வ'வும் போட்டு.

பையன் பணம் தர நின்றான், வாங்கவில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு முழு நெய்மீனைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போய்விட்டான்.

உனக்கு வருத்தமாக இருந்தால் நேராக எழுது. நீ ஓவர்டைம் பார்த்து வாங்கினது என்று எனக்குத் தெரியும். அதை முதல்நாள் கையில் கட்டிக்கொண்டு மணிமேடைச் சந்திப்பில் நின்று, மேலே ஓடுகிற கடிகாரத்தோடு நாம் இரண்டு பேரும் நேரம் ஒத்துப்பார்த்ததையும் நான் மறக்கவில்லை.

என்னிடமே திரும்பி வந்த அந்த வாட்சின் பொய் டயலை நான் தூக்கிப் போடவில்லை. பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கேஸும் மெஷினும் நல்ல நிலையில் இருக்கின்றன. நீ டிசம்பரில் வரும்போது பெயர் ஒன்றும் அடிக்காத கருப்பு டயல் ஒன்று கிடைத்தால் கொண்டுவா, 28.5 மில்லிமீட்டர். இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டுவோம், உனக்கே கட்டிவிடுகிறேன்.

எஸ்கேஎக்ஸ் அளவுக்குப் பின்மூடி வாசரும் கிரவுன் வாசரும் நாலைந்து சேர்த்து வாங்கி வா. நேற்று மாப்பிள்ளை போன் பண்ணினான். வாட்ச் நாளுக்குப் பன்னிரண்டு நொடி முந்துகிறதாம். அந்த மெஷினுக்கு 20 நொடி பிந்துவதும் 40 நொடி முந்துவதும் சீக்கோ சொல்கிற அளவுக்குள்தான் என்று விளக்கினேன். 'கொறைக்க முடியுமா மாமா?' என்று கேட்டான். அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் வடசேரிக்காரன்