பத்து செகண்ட் கிளிப்ப வெச்சு ஒரு பையனை ஹேக்கர்னு சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் கேம்னாலே பேப்பர்ல வர்றது ரெண்டு விஷயம்தான், ரம்மில பணம் போன கதை, இல்லன்னா பசங்க ராத்திரி முழுக்க போனும் கையுமா கிடக்கறாங்கன்னு ஒரு கவலை. அதெல்லாம் எழுத வேண்டியதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு சட்டம் காசு கட்டி ஆடுற கேமைத் தடை பண்ணுன கையோட ஈ-ஸ்போர்ட்ஸை, அதாவது வீடியோ கேம் போட்டியை, ஒரு விளையாட்டாவே ஏத்துக்கிச்சு. இப்ப காலேஜ் விழாவுல, கேமிங் கஃபேல, இன்ஸ்டாகிராம் பேஜ்லன்னு யார் வேணா பிஜிஎம்ஐங்கற போன் ஷூட்டிங் கேம்ல டோர்னமென்ட் நடத்துறாங்க, சின்னச் சின்ன ஊர்லயும் பசங்க ஸ்க்வாட்னு ஒரு டீம் சேர்த்துக்கிட்டு மாசக்கணக்கா ஸ்க்ரிம்ஸ்ங்கற பயிற்சி மேட்ச் ஆடித் தயாராகறாங்க. விளையாட்டுன்னு ஆயிட்டா நடுவர்னு ஒருத்தர் வேணும் இல்லையா, அந்த வேலையை மட்டும் யாரும் சரியா பாக்கறதில்ல, அதைப் பத்திதான் இந்தக் கடிதம்.

நடக்கறது என்னன்னா, ஒருத்தன் கொஞ்சம் நல்லா ஆடுனா போதும், கேம்ல அவன்கிட்ட செத்தவன் கோவத்துல "ஹேக் போட்டு ஆடுறான்"னு, அதாவது திருட்டு சாஃப்ட்வேர் வெச்சு ஆடுறான்னு கத்துவான், அவன் ஸ்க்வாட்ல இருக்கறவன் ஸ்கிரீன் ரெக்கார்டிங்ல இருந்து பத்து செகண்ட் வெட்டி வாட்ஸ்அப் குரூப்ல போடுவான், அதைப் பாத்து நாப்பது பேர் ஆமா ஆமான்னு சொல்லுவாங்க, டோர்னமென்ட் நடத்துறவரும் பிரச்சனை வேணாம்னு அந்த டீமைத் தூக்கிடுவாரு. அவ்வளவுதான் விசாரணை. எங்க அக்கா பையனுக்கு இந்த வருஷம் இதுதான் நடந்துச்சு, பதினோராவது படிக்கறான். ஒரு வீட்டு செவுத்துக்குப் பின்னாடி இருந்தவன் வெளிய வர்றதுக்கு முன்னாடியே இவன் ப்ரீஃபயர் பண்ணிட்டானாம், அதாவது யூகத்துலயே சுட்டுட்டானாம், அதுதான் குத்தம். நான் கேட்டப்ப அவன் சொன்னது, "மாமா, காலடிச் சத்தம் கேட்டுச்சு, அதான் சுட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வீட்லயும் இதே மாதிரி சுட்டேன் மாமா, உள்ள யாருமே இல்ல, அதை யாருமே போடலையே." அந்த மேட்ச் முழு ரெக்கார்டிங்கையும் நான் உக்காந்து பாத்தேன், அவன் சொன்ன மாதிரியே காலி வீட்டுக்குள்ள ரெண்டு மேகசின் குண்டைக் காலி பண்ணிருக்கான். அந்த ரெண்டும் கிளிப்ல கிடையாது.

எனக்கு இதுலதான் எல்லா விஷயமும் அடங்கியிருக்குன்னு தோணுது. நல்லா ஆடுறவன் மேட்ச் முழுக்க யூகத்துலயேதான் ஆடுறான், இங்க இருப்பான் அங்க இருப்பான்னு சுட்டுக்கிட்டே போவான், பாதி தப்பாப் போகும், பலிச்ச ஒண்ணு மட்டும் கிளிப்பா வெளிய வரும். தப்பாப் போனதை எல்லாம் வெட்டிட்டு பலிச்சதை மட்டும் காட்டுனா எந்தப் பையனும் சுவத்துக்கு அந்தப் பக்கம் பாக்கறவன் மாதிரிதான் தெரிவான். அதனால ஒருத்தன் மேல சந்தேகம் வந்தா அவன் அடிச்ச கில்லைப் பாக்காதீங்க, அவன் ஏமாந்த இடத்தைத் தேடுங்க. நிஜமா வால்ஹேக், அதாவது சுவத்துக்குப் பின்னாடி இருக்கறவனைக் காட்டுற ஹேக், போட்டவன் ஏமாறவே மாட்டான். யாரும் இல்லாத ரூமை எட்டிக்கூடப் பாக்காம நேரா நடந்து போவான், ஆள் இருக்கற ரூம் வாசல்ல மட்டும் சரியா நிப்பான், முதுகுக்குப் பின்னாடி சத்தமே இல்லாம ஒருத்தன் வந்தாலும் திரும்பிடுவான், இது ஒரு தடவை இல்ல, ஆட்டம் முழுக்க இப்படியே இருக்கும். ஸ்பெக்டேட் பண்றப்போ, அதாவது அவன் ஆடுறதை நாம பக்கத்துல இருந்து பாக்கறப்போ, கிராஸ்ஹேர்ங்கற துப்பாக்கிக் குறி ஒரு காரணமும் இல்லாம வெறும் சுவத்து மேல மெதுவா நகரும், அந்தச் சுவத்துக்குப் பின்னாடி எனிமி நடந்து போயிட்டு இருப்பான். எய்ம்பாட், அதாவது தானாக் குறி வெக்கற ஹேக், போட்டவனைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி இருக்கு, அவன் எய்ம் உலகத்தரமா இருக்கும் ஆனா மத்ததெல்லாம் நேத்து ஆட வந்தவன் மாதிரி இருக்கும், எங்க நிக்கணும், எப்ப கவர் எடுத்து ஒளியணும், ஆட்ட எல்லையான ஸோன் எப்ப சுருங்குதுன்னு எதுவுமே தெரியாது. நிஜமா கத்துக்கிட்டவனுக்கு இதெல்லாம் சேர்ந்துதான் வரும், எய்ம் மட்டும் தனியா வராது. இப்ப சில பேர் ரொம்ப உஷாரா, பாக்கறவங்களுக்காகக் காலி ரூமையும் செக் பண்ற மாதிரி நடிக்கறாங்க, அவங்களைப் பிடிக்கறதுக்குத்தான் பல மேட்ச் பாக்க வேண்டியிருக்கு, ஒரு கிளிப் பத்தவே பத்தாது.

செத்தவனுக்கு ஹேக் மாதிரி தெரியறதுல நிறைய விஷயம் கேம்லயே இருக்கறதுதான். பிஜிஎம்ஐல டிபிபி மோட்ல கேமரா நம்ம ஆளுக்குப் பின்னாடி, தலைக்கு மேல நிக்கும். காம்பவுண்டு சுவத்துக்குப் பின்னாடி உக்காந்திருக்கறவன் தலையையே நீட்டாம அந்தப் பக்கம் வர்றவனை முழுசாப் பாக்கலாம், வர்றவனுக்கு இவன் ஒரு துளி கூடத் தெரிய மாட்டான், சுட்டதும் "எப்படிடா தெரிஞ்சுச்சு"ன்னு கேப்பான். காலடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம், வண்டிச் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு மினிமேப்லயே குறி விழும், ஸ்பீக்கர்ல ஆடுற பையனுக்கும் அது தெரியும். ஜைரோங்கற, போன் சாயறதைக் கண்டுபிடிக்கற சென்சாரை ஆன் பண்ணி ஆடுறவங்க போனையே லேசா சாய்ச்சு ரீகாயிலை, அதாவது சுடறப்ப துப்பாக்கி தூக்கறதைப் பிடிக்கறாங்க, தொடர்ந்து சுடற ஸ்ப்ரே நூல் பிடிச்ச மாதிரி போகும், ஜைரோ இல்லாம கட்டை விரல்ல மட்டும் ஆடுறவனுக்கு அது மனுஷன் செய்யற வேலையாவே தெரியாது. ஐபேட்ல ஆடுறவனுக்கு மேலயும் கீழயும் கூடுதலாத் தெரியும். பிங், அதாவது நெட் தாமதப் பிரச்சனை வேற. நிறைய ஷூட்டிங் கேம்ல சுட்டவன் ஸ்கிரீன்ல அந்த நேரத்துல எனிமி எங்க இருந்தான்னு சர்வர் கொஞ்சம் பின்னாடி போய்ப் பாத்துதான் ஹிட் குடுக்கும், அதனால நாம சுவத்துக்குள்ள ஓடி ஒளிஞ்சுட்டோம்னு நினைச்ச பிறகும் செத்து விழுவோம். செத்த பிறகு காட்டுற ரீப்ளேவும் எதிராளி போன்ல தெரிஞ்சதோட நேரடிக் காப்பி கிடையாது, பதிவான டேட்டாவை வெச்சு கேம் திரும்பப் போட்டுக் காட்டுறது, அதுல எய்ம் திடீர்னு வெட்டி இழுக்கற மாதிரி தெரியலாம்.

2016 ஜூன்ல தென் கொரியாவுல நடந்ததை இங்க டோர்னமென்ட் நடத்துற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஓவர்வாட்ச்னு ஒரு கேம், அதுல கெகுரிங்கற பேர்ல ஆடுன 17 வயசுப் பொண்ணு ஸார்யாங்கற கேரக்டரை வெச்சு அடிச்ச அடியைப் பாத்துட்டு, தோத்த டீம் ஆளுங்க எய்ம்பாட்னு சொல்லிட்டாங்க, பேச்சு மிரட்டல் வரைக்கும் போச்சு. கேம் கம்பெனியோட கொரியா ஆபீஸ் விசாரிச்சு, அந்தப் பொண்ணு எதுவும் போடலன்னு சொன்னுச்சு. அப்பவும் வாய் மூடல. கடைசில ஒரு ஸ்டுடியோவுல, மவுஸ் பிடிச்ச கையும் ஸ்கிரீனும் தெரியற மாதிரி கேமரா வெச்சு லைவா ஆடிக் காமிக்க வேண்டியிருந்துச்சு, முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டுதான் அந்தப் பொண்ணு வந்து உக்காந்துச்சு. அதே ஆட்டம், அதே எய்ம், கை மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சுது. குத்தம் சொன்னவங்கள்ல ரெண்டு பேர் ஆட்டத்தை விட்டே விலகுனாங்க. 2018ல ஷாங்காய் டிராகன்ஸ் டீம்ல சேர்ந்து ஓவர்வாட்ச் லீக்ல ஆடுன முதல் பொண்ணும் இவங்கதான். ஆனா தன் மேல தப்பில்லன்னு நிரூபிக்கற பாரத்தைப் பதினேழு வயசுல ஒரு பொண்ணு தலைல ஏத்துனது எந்த வகைல நியாயம்?

ஹேக்கரே இல்லன்னு நான் சொல்ல வரல. இருக்காங்க, நிறைய இருக்காங்க, அவங்களால பாதிக்கப்படறது நேர்மையா ஆடுறவங்கதான். 2018 அக்டோபர்ல ஷாங்காய்ல நடந்த கவுண்டர் ஸ்ட்ரைக்ங்கற ஷூட்டிங் கேம் போட்டில ஆப்டிக் இந்தியா டீமுக்காக ஃபோர்சேகன்ங்கற பேர்ல ஆடுனவர் மேடைல ஆடிக்கிட்டு இருக்கறப்பவே மாட்டுனாரு. அட்மின் வந்து கம்ப்யூட்டரைப் பாக்கப் போனப்ப அவர் அவசரமா ஃபைலை அழிக்கப் பாத்தாரு, அந்த ஹேக் ஃபைலுக்கு அவர் வெச்சிருந்த பேரு வேர்ட் டாட் இஎக்ஸ்இ. அவருக்கு அஞ்சு வருஷத் தடை. ஆனா டீமே கலைஞ்சு போச்சு, கூட ஆடுன நாலு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சு, இந்தியப் பசங்கன்னாலே உலகம் பூரா சந்தேகமாப் பாக்கற நிலைமை வந்துச்சு. அதனாலதான் சொல்றேன், ஹேக்கரைப் பிடிக்கறதும் அப்பாவியைக் காப்பாத்தறதும் வேற வேற வேலை இல்ல, ரெண்டுக்குமே பொறுமையாப் பாக்கற கண்ணுதான் வேணும். அங்க அவரை மாட்ட வெச்சது கிளிப் இல்ல, அட்மின் எழுந்து போய் மிஷினைத் திறந்து பாத்தது.

செஸ்ல இந்த வேலை கொஞ்சம் சுலபம், ஒவ்வொரு மூவையும் கம்ப்யூட்டர் சொல்ற மூவோட ஒப்பிட்டுப் பாக்கலாம். 2021 ஜூன்ல கோவிட் நிதிக்காக நம்ம விஸ்வநாதன் ஆனந்த் ஆன்லைன்ல ஆடுனப்ப தொழிலதிபர் நிகில் காமத் அவரை ஜெயிச்சாரு, மறுநாளே கம்ப்யூட்டர் உதவி எடுத்தேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. ஷூட்டிங் கேம்ல அப்படி ஒப்பிட ஒரு சரியான விடை கிடையாது, அதனாலதான் ஆட்டத்தை உக்காந்து பாக்க வேண்டியிருக்கு.

எப்படிப் பாக்கறதுன்னு கவுண்டர் ஸ்ட்ரைக் 2013லயே ஒரு வழி காமிச்சுச்சு. ரிப்போர்ட் ஆனவனோட மேட்ச்ல இருந்து எட்டு ரவுண்டு வரைக்கும் அனுபவமுள்ள ஆட்டக்காரங்களுக்கு அனுப்புவாங்க, பேர் மறைச்சிருக்கும், சாட் இருக்காது, யாருன்னே தெரியாது. பாத்துட்டு ஆதாரம் பத்தலன்னு சொல்லலாம், இல்ல சந்தேகத்துக்கே இடமில்லன்னு சொல்லலாம். ஒருத்தர் சொல்றதை வெச்சு முடிவு கிடையாது, பல பேர் சொல்றது ஒத்துப் போகணும், சரியாச் சொல்றவங்க வார்த்தைக்கு மதிப்பு கூடும், நடுவுல விடை ஏற்கனவே தெரிஞ்ச கேஸையும் அனுப்பி பாக்கறவங்களையே சோதிப்பாங்க. இந்த முறையைப் பத்தி 2018ல அந்த கேமோட சொந்தக்காரங்களான வால்வ் கம்பெனி ஆள் ஒரு மாநாட்டுல சொன்ன கணக்கு என்னை ரொம்ப யோசிக்க வெச்சுச்சு, ஆட்டக்காரங்க ரிப்போர்ட் அடிச்சு வந்த கேஸ்ல 15 முதல் 30 சதவீதம்தான் குத்தம்னு தீர்ப்பாச்சாம். மீதி எல்லாம் நம்ம கோவம்தானே? ஆட்டத்தைக் கத்துக்கிட்ட மிஷின் பொறுக்கி அனுப்புன கேஸ்ல மட்டும் அது 80 முதல் 95 வரை போச்சு.

சரி மிஷினையே நம்பிடலாமான்னா அதுவும் முடியாது. 2010 ஜூலைல மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடுன ஏறக்குறைய 12,000 பேரை வால்வோட ஆன்டி-சீட், அதாவது ஹேக்கைப் பிடிக்கற சாஃப்ட்வேர், தப்பாத் தடை பண்ணிடுச்சு, தப்பு எங்களோடதுன்னு கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டு அத்தனை பேருக்கும் இன்னொரு கேமை இலவசமாக் குடுத்தாரு. 2023 அக்டோபர்ல ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு வெச்சிருந்தவங்க அதோட புது டிரைவர் சாஃப்ட்வேர்ல ஒரு வசதியை ஆன் பண்ணுனதுக்கே கவுண்டர் ஸ்ட்ரைக் 2ல பேன் ஆனாங்க, அப்புறம்தான் அதைத் திரும்ப எடுத்தாங்க. 2024 மார்ச்ல ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் வட அமெரிக்க ஃபைனல்ல நடந்தது இன்னும் பயங்கரம், வெளியில இருந்து யாரோ ரெண்டு பிளேயர் கம்ப்யூட்டருக்குள்ள ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே ஹேக்கை ஏத்தி விட்டாங்க, ஒருத்தருக்கு திடீர்னு எல்லார் இருக்கற இடமும் சுவர் தாண்டித் தெரிய ஆரம்பிச்சு அவர் பதறிப் போய் ஆட்டத்தை விட்டு வெளிய வந்தாரு, ஃபைனலே தள்ளிப் போச்சு. லைவா உலகமே பாத்ததால தப்பிச்சாரு, இதே நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்ல நடந்திருந்தா அந்த கிளிப்போட அவர் கதை முடிஞ்சிருக்கும்.

டோர்னமென்ட் நடத்துற தம்பிகளுக்கு இதெல்லாம் பெரிய செலவே கிடையாது. எல்லாரும் முழு மேட்சை ரெக்கார்டு பண்ணி வெக்கணும்னு ரூல்லயே முதல்லயே எழுதுங்க, கடைசி ரவுண்டுக்காவது ஹேண்ட்கேம், அதாவது ஆடுற கையைக் காட்டுற வீடியோ கேளுங்க, நிறைய பெரிய டோர்னமென்ட்ல அது பழக்கம்தான். புகார் வந்தா கிளிப் அனுப்புனவங்ககிட்டயும் முழு ரெக்கார்டிங் கேளுங்க. ரெண்டு டீம்லயும் சேராத ரெண்டு மூணு பேரை, ஐடி பேரை மறைச்சுட்டு, தனித்தனியாப் பாக்கச் சொல்லுங்க, அவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதுக்கு முன்னாடியே பதிலை எழுதி வாங்கிடுங்க. அந்தப் பையனைக் கூப்பிட்டு எப்படிடா தெரிஞ்சுச்சுன்னு கேளுங்க, நிஜமா ஆடுனவன் சத்தம், மினிமேப், டீம்மேட் சொன்னதுன்னு கடகடன்னு காரணம் சொல்லுவான், ரெக்கார்டிங்ல அது இருக்கான்னு நீங்களே பாத்துக்கலாம். நேர்ல நடக்கற போட்டின்னா போனை வாங்கிப் பாருங்க. இத்தனையும் பாத்துட்டு ஹேக்தான்னு தெரிஞ்சா தாராளமாத் தடை பண்ணுங்க, நானே வந்து உங்க பக்கம் நிப்பேன். தெரியலன்னா ஆதாரம் பத்தலன்னு எழுதி குடுத்துட்டு ஆட விடுங்க.

உங்க பேப்பர்கிட்டயும் ஒரு கோரிக்கை இருக்கு சார். மாவட்டப் பக்கத்துல இப்ப இந்தப் போட்டிச் செய்தியெல்லாம் அப்பப்ப வர ஆரம்பிச்சிருக்கு, சந்தோஷம். "ஹேக் செய்த மாணவர் வெளியேற்றம்"னு யாராவது செய்தி குடுத்தா, யார் பாத்து முடிவு பண்ணாங்க, எத்தனை மேட்ச் பாத்தாங்க, அந்தப் பையன் என்ன சொன்னான்னு மூணு கேள்வி கேட்டுட்டு போடுங்க, பதில் வர்ற வரைக்கும் பையன் பேரையும் ஸ்கூல் பேரையும் போடாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திண்டுக்கல்.