பாதி டேங்க் தண்ணீரும் ஏழரை லட்சம் துகளும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அந்த அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாகப் பார்க்கிறார். என் சட்டையில் பட்டன் இல்லாததுவரை கண்ணில் படுகிறது.

தண்ணீர் லாரியின் டேங்க் நிறைந்திருக்கும்போதைவிடப் பாதித் தண்ணீரோடு பிரேக் போட்டால்தான் வண்டி முன்னே தள்ளுகிறது என்று உன் டிரைவர் சொல்வதாக எழுதியிருந்தாய். அவர் சொல்வது சரி. நிறைந்த டேங்கில் தண்ணீருக்கு நகர இடமில்லை. பாதி டேங்கில் வண்டி நின்ற பிறகும் அது ஓடிப்போய் முன்சுவரில் மோதுகிறது. ஒரு வருடமாக நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

நாம் கல்லூரியில் படித்தது நினைவிருக்கிறதா? இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் புகுந்தது, எவ்வளவு வெளியேறியது என்று கணக்குப் போடுவோம். குழாய்க்குள் ஓடும் நீருக்கு அது போதும். நீர் எழும்பி, மடிந்து, தெறிக்கும்போது அதன் மேற்பரப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதனால் நான் பயன்படுத்துவது துகள் முறை. அதில் இடத்தை விட்டுவிட்டு நீரையே துகள்களாக்கிவிடுகிறோம். ஒவ்வொன்றும் தன் நிறை, வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நகரும். சுற்றியுள்ள அறுபது எழுபது துகள்களைப் பார்த்து, கிட்ட இருப்பதற்கு அதிக எடையும் தள்ளி இருப்பதற்குக் குறைந்த எடையும் கொடுத்து, அடுத்து எங்கே போவது என்று கணக்கிடும். மேற்பரப்பைத் தேடவே வேண்டாம். துகள் முடியும் இடம்தான் அது.

வேடிக்கை என்னவென்றால், இது தண்ணீருக்காகப் பிறந்ததே இல்லை. 1977இல் லூசி என்பவரும், தனியாக கிங்கோல்டு, மோனகன் இருவரும் நட்சத்திரங்களைக் கணக்கிடக் கண்டுபிடித்தது. அதே மோனகன்தான் 1994இல் அணை உடைவது, அலை அடிப்பது போன்றவற்றுக்கு இதைக் கொண்டுவந்தார். அதில் ஒரு துணிச்சலான தந்திரம் உண்டு. தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,480 மீட்டர் போகும். அதை அப்படியே வைத்தால், ஒலி ஒரு துகளைத் தாண்டுவதற்குள் அடுத்த கணக்கைப் போட்டாக வேண்டும். நேரப்படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, மிகச் சின்னதாகி, கணக்கு எறும்பு வேகத்தில்தான் ஊரும். அதனால் நீரின் அதிகபட்ச வேகத்தைப்போல் பத்து மடங்கு மட்டும் ஒலிவேகம் என்று வைத்துக்கொள்கிறோம். அடர்த்தி ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மாறும். பொய்தான், ஆனால் தாங்கக்கூடிய பொய்.

உன் 12,000 லிட்டர் டேங்கில் பாதி என்றால் 6 கன மீட்டர். 2 செ.மீ. இடைவெளியில் துகள் வைத்தால் ஏழரை லட்சம் வரும். இடைவெளியைப் பாதியாக்கினால் துகள் எட்டு மடங்கு, நேரப்படியும் பாதியாகிவிடும். மொத்தம் பதினாறு மடங்கு வேலை. இந்தத் துகள் முறைக்குக் கட்டமில்லா முறை என்று பெயர்தானே தவிர, அக்கம்பக்கத்துத் துகள்களைச் சீக்கிரம் தேட உள்ளே ஒரு கட்டத்தைப் போட்டுத்தான் ஆகவேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும்.

என்னை அழவைத்தது சுவர். சுவரோரத் துகளுக்கு ஒரு பக்கம் அக்கம்பக்கமே கிடையாது. அடர்த்தி குறைவதாக நினைத்துக்கொண்டு, முதல் வாரம் நீர் டேங்கின் மூலை வழியாகக் கீழே கொட்டியது! அப்புறம் சுவருக்கு வெளியே மூன்று வரிசை போலித் துகள்களை நிறுத்தினேன், கசிவு நின்றது. வீடியோ அழகாக வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். அழுத்த வரைபடத்தைப் பார்த்தால் காய்ச்சல்காரன் கையெழுத்து மாதிரி நடுக்கம். அதிலிருந்து வீடியோவை நான் நம்புவதில்லை. 1952இல் மார்ட்டின், மாய்ஸ் இருவரும் நிறுத்திவைத்த நீரைச் சரியவிட்டு, அதன் முனை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். என் கணக்கு அதோடு ஒத்துப்போனது. ஆனால் அது முனை ஓடும் வேகம் மட்டும்தான். சுவரில் விழும் அடியை இன்னும் சரிபார்க்கவில்லை.

அதனால் ஒரு உதவி. உன் டேங்கின் நீளம், அகலம், உயரம் வேண்டும். உள்ளே குறுக்குத் தகடு இருந்தால் எத்தனை, எங்கே, அதில் ஓட்டை எவ்வளவு பெரியது என்றும் அளந்து எழுது. தகடே இல்லையென்றால் அதையும் சொல், முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். டிரைவர் அண்ணனையும் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்