மணிக்கட்டு வலிக்கு வயது மட்டுமே காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பதைத் தாண்டியவர்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கை விட்டுவிடுவதே நல்லது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கு வயது 56. இருபத்தெட்டு வருடமாக இந்த வகை வண்டிதான் ஓட்டுகிறேன். படித்ததும் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

வலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். போன வருடம் ஒரு நாள் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட்டிவிட்டு இறங்கினேன். கையுறையைக் கழற்றினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துக் கிடந்தன. சாவி கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் எல்லோரும், "வயசாயிடுச்சு, விட்டுடுங்க" என்றார்கள். நானும் பாதி நம்பிவிட்டேன்.

அப்புறம்தான் உட்காரும் விதத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். இந்த வண்டிகளில் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பொருத்திய கிளிப்-ஆன் ஹேண்டில் தாழ்வாக இருக்கும், கால் வைக்கும் ஃபுட்பெக் உயரமாகப் பின்னால் தள்ளி இருக்கும். ரேஸ் டிராக்கில் சாய்ந்து திரும்பத் தோதான அமைப்பு அது. நல்ல வேகத்தில் எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்தத் தாங்கல் கிடையாது. முன்பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கிவிடும். மணிக்கட்டு மடிந்து, சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு அழுந்துகிறது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் இதே கதிதான். அவனுக்கு மறுநாள் காலையில் சரியாகிவிடும், எனக்கு மூன்று நாள் ஆகிறது. கழுத்தும் அப்படித்தான்: குனிந்தபடி நிமிர்ந்து பார்க்க வேண்டும், அதன் மேல் ஹெல்மெட்டின் கனம் வேறு. இதில் வயதுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

நான் மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கப் பழகினேன். முழங்கை எப்போதும் லேசாக மடங்கியே இருக்கும். கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வைத்ததில் முன்கையும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் வந்தன. பத்து நிமிட வேலை, பாதி வலி அதிலேயே போனது. ஹேண்டிலைச் சற்று உயர்த்தும் ரைசரும் போட்டேன். போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக் ஹோஸும் கேபிளும் இழுபடவில்லையே, கை டேங்கில் இடிக்கவில்லையே என்று பார்த்துவிட வேண்டும். மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்கிறேன். ஆறு மாதமாக விரல் மரத்துப்போகவில்லை.

பைக் பந்தய வீரர்களையே பாருங்கள். டிராய் பேலிஸ் 2008-இல் உலக சூப்பர்பைக் பந்தயப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 39. மேக்ஸ் பியாஜி 2012-இல் அதே பட்டத்தை 41 வயதில் வென்றார். ஜான் மெக்கின்னஸ் 2022-இல், 50 வயதில், ஐல் ஆஃப் மேன் தீவின் பொதுச் சாலைகளில் நடக்கும் டிடி பந்தயத்தில் நூறாவது முறையாகப் போட்டியில் இறங்கினார். தினமும் பயிற்சி எடுக்கிறவர்கள் அவர்கள், நாம் அவர்கள் இல்லை, சரி. ஆனாலும் நாற்பதோடு உடம்பு முடிந்துவிடுகிறது என்ற பேச்சு எங்கே நிற்கிறது?

உண்மையிலேயே முடியாதவர்கள் நிமிர்ந்து உட்காரும் வண்டிக்கு மாறட்டும். இடுப்பு, கழுத்துத் தேய்மானம் இருந்து, ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் ஓட்ட வேண்டாம்தான். விரல் மரத்துப்போய் நாள்கணக்கில் சரியாகவில்லை என்றால் லீவரைத் திருப்பிக்கொண்டு இருக்காமல் அவரிடம் போய்விட வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புது வண்டி விமர்சனங்களில் குதிரைத்திறனும் உச்ச வேகமும் தவறாமல் வருகின்றன. சீட்டிலிருந்து ஃபுட்பெக் எவ்வளவு தூரம், ஹேண்டில் எவ்வளவு தாழ்வு என்பதையும் அளந்து போடுங்கள். அரை மணி நேரம் ஓட்டி எழுதுவதோடு, ஐம்பது வயதுக்காரர் ஒருவரையும் இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்லி, இறங்கியதும் அவர் கை எப்படி இருந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு நீண்ட கால வாசகர்