பின்னால் ஓடியவள் எழுதுகிறேன்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் உன் மனைவியைப் பற்றி நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "ரெண்டு வாரமா அவ ஓட வரலம்மா. கேட்டா, நீ போ, நான் மெதுவா வந்துக்கறேன்னு சொல்றா." உன் குரலில் வருத்தமும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்ன அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய்.

அப்போது எனக்கு 47 வயது. அப்பா பல வருடமாக ஓடிப் பழகியவர். நானும் வருகிறேன் என்று ஆசையாகக் கிளம்பினேன். எனக்காக அவர் வேகத்தைக் குறைத்தார், அதை மறுக்க மாட்டேன். குறைத்த பிறகும் என்னைவிடப் பத்தடி முன்னால்தான் இருப்பார். திருப்பம் வந்தால் நின்று காத்திருப்பார். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டியா, போலாமா?" என்று கிளம்பிவிடுவார். யோசித்துப் பார், இளைப்பாறியது யார், இளைப்பாற வேண்டியிருந்தது யார்? ஒவ்வொரு திருப்பத்திலும் இதே கதைதான். வீடு திரும்பும்போது அவருக்கு அது போதாத ஓட்டம், எனக்கோ உயிர் போய் வந்த ஓட்டம். அவர் சட்டை முதுகில் வியர்வை எப்படி எப்படிப் பரவும் என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டேன். கால் வலி என்றேன். வலி இருந்தது உண்மைதான், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். அது தெரியாமல் அவரை எட்டிப்பிடிக்க ஓடி வரவழைத்துக்கொண்ட வலி அது. ஆனால் ஆறிய பிறகும் நான் போகவில்லை. அவருக்கு நான் ஒரு சுமை என்ற எண்ணம்தான் என்னை வீட்டில் உட்காரவைத்தது. உன் மனைவிக்கும் அதுவாக இருக்குமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எப்படிப் புரிந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஒரு நாள் காலை கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இன்னைக்கு நீ முன்னால போ. உன் தோளைத் தாண்டி நான் வர மாட்டேன்" என்றார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. எப்போது ஓடுவது, எப்போது நடப்பது என்று நான்தான் சொல்ல வேண்டும். ஓடும்போது அவர் ஏதாவது கேட்பார். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தையோடு மூச்சு முட்டினால் அவரே தளர்ந்துவிடுவார்.

இப்படியே நான்கைந்து மாதம் போயிற்று. ஒரு நாள் உன் படிப்பைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம். பேசி முடித்து நிமிர்ந்தால், வழக்கமாக நான் நடக்கத் தொடங்கும் பாலம் எப்போதோ பின்னால் போயிருந்தது. இரண்டு பேர் காலடியும் ஒரே சத்தமாகக் கேட்டது. ஓட்டம் எனக்குப் பிடித்துப்போனது அந்தக் காலையில்தான்.

இதனால் உன் பயிற்சி கெடும் என்று பயப்படாதே. பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் உடம்பு கொழுப்பைக் கூடுதலாக எரிக்கப் பழகுகிறது, தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. மாரத்தானில் 30 கிலோமீட்டர் வாக்கில் பலர் துவண்டுபோவது, தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோவதால். அதைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுத்தருவது நிதான ஓட்டம்தான். முன்னணி வீரர்களே பயிற்சியில் பெரும்பங்கு தூரத்தை நிதானமாகத்தான் ஓடுகிறார்கள். உன் வேக ஓட்டத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் தனியாக ஒதுக்கிக்கொள், அவளோடு ஓடும் நாளில் அதைக் கொண்டுவராதே. அவள் ஷூவையும் ஒரு முறை பார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஓட ஓடப் பாதம் வீங்கும்.

பார்வை குன்றியவர்களுக்கான ஓட்டத்தில் வீரரையும் வழிகாட்டியையும் ஒரு சிறு கயிறு இணைக்கும். முடிவுக்கோட்டை வழிகாட்டி முதலில் தொடக்கூடாது என்பது விதி. எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் பக்கத்தில் ஓடுபவரின் வேகம்தான் அவர் வேகம். 2024 பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் ஸ்பெயினின் எலெனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக்கோட்டுக்குச் சில அடிகளே இருக்கும்போது வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு வந்து தடுமாறினார். எலெனா ஒரு கணம் கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். கயிற்றை விட்டதற்காக அன்று அவரைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 42 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகும் அந்தக் கை யோசிக்கவே இல்லை.

என் 50வது வயதில் நாங்கள் சேர்ந்து ஓடிய அரை மாரத்தான் உனக்கு நினைவிருக்கும், படம் அனுப்பினேனே. படத்தில் இல்லாதது ஒன்று உண்டு. 18வது கிலோமீட்டரில் அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "நீ போ, நான் மெதுவா வந்துக்கறேன்" என்றார். நான் போகவில்லை. அவர் நடந்த நடையிலேயே நானும் நடந்தேன். வலி விட்டதும் நான் கிளம்பவில்லை, அவர் வாயிலிருந்து "போலாம்" வரும்வரை பேசாமல் கூடவே நடந்தேன். 2 மணி 58 நிமிடத்தில் முடித்தோம்.

இந்த ஞாயிறு அவளைக் கூப்பிடு. நடக்கத்தான் என்று சொல்லியே கூப்பிடு, ஓடத் தோன்றினால் அவளே தொடங்குவாள். நான் எழுதியதை அவளிடம் சொல்ல வேண்டாம். சாயங்காலம் போன் பண்ணும்போது எத்தனை கிலோமீட்டர் என்று எனக்குச் சொல்லாதே, வழியெல்லாம் என்ன பேசிக்கொண்டு போனீர்கள் என்று சொல்.

அன்புடன்,
அம்மா