புள்ளி இல்லாதவருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை

காரைக்குடியில் கோடை விடுமுறைதோறும் டென்னிஸ் போட்டி நடத்திவரும் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், கண்டனூரிலிருந்து பழைய ஆட்டக்காரன் ஒருவனின் வணக்கம்.

இந்த ஆண்டுப் போட்டிக்கான அறிவிப்பைப் படித்தேன். பதினாறு பேர் ஆடும் ஒற்றையர் பிரிவில் மாநிலத் தரவரிசைப் புள்ளி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்றும், புள்ளி இல்லாதவர்கள் ஆடி வென்று உள்ளே வருவதற்காக வழக்கமாக வெள்ளிக்கிழமை நடைபெறும் தகுதிச் சுற்று நிறுத்தப்படுகிறது என்றும், உள்ளூர்ப் பிள்ளைகளில் ஒருவர் இருவருக்குக் குழுவே பார்த்து வைல்டு கார்டு, அதாவது தகுதிச் சுற்று ஆடாமலே நேரடி இடம், வழங்கும் என்றும் அதில் கண்டிருக்கிறது. கோர்ட் இரண்டுதான், பந்து விலை ஏறிவிட்டது, இரவு ஆட்டத்துக்கு மின்கட்டணம் தனி என்னும் உங்கள் சங்கடங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. பல கோடைகள் அதே கோர்ட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோடு பார்த்தவன் நான். இருந்தாலும், தகுதிச் சுற்றுக்கு வைல்டு கார்டு ஈடாகும் என்ற உங்கள் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 அக்டோபரில், கிராண்ட் ஸ்லாம்களுக்கு அடுத்த தரத்திலுள்ள ஷாங்காய் மாஸ்டர்ஸ் போட்டியில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மொனாக்கோ நாட்டைச் சேர்ந்த வாலன்டன் வாஷரோ, உலகத் தரவரிசையில் 204-ஆம் இடத்தில் இருந்துகொண்டு, தகுதிச் சுற்றிலேயே இடம் உறுதியாகாமல், யாராவது விலகினால் ஆடலாம் என்ற காத்திருப்புப் பட்டியலில் பெயரை எழுதிவைத்துவிட்டு அந்த ஊருக்குப் போனவர். இடம் கிடைத்தது. தகுதிச் சுற்றில் இரண்டு, பிரதான சுற்றில் ஏழு என ஒன்பது ஆட்டங்களை வென்றார். அரையிறுதியில், அதே ஷாங்காயில் நான்கு முறை பட்டம் வென்ற ஜோகோவிச்சை 6-3, 6-4 என்று நேர் செட்களில் வீழ்த்தினார்; இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஆர்தர் ரிண்டர்நெக். முதல் செட்டை 4-6 என இழந்த பிறகு அடுத்த இரண்டையும் 6-3, 6-3 என்று எடுத்துக்கொண்டார். அந்தத் தரத்திலுள்ள போட்டிகளில் இவ்வளவு பின்தங்கிய தரவரிசையிலிருந்து வந்து பட்டம் வென்றவர் வேறு எவரும் இல்லை. அந்த ஒரு போட்டியில் கிடைத்த பரிசுத்தொகை, அதுவரை அவர் ஆடிச் சம்பாதித்த மொத்தத் தொகையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. (பரிசளிப்பு மேடையில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்தபோது, ஏதோ நம் வீட்டு விசேஷம்போல் எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன்.)

வாஷரோவுக்கு ஷாங்காயில் யார் வைல்டு கார்டு கொடுத்திருப்பார்கள்? அவரது பெயரை அந்த ஊரில் எவரும் அறிந்திருக்க நியாயமில்லை. வைல்டு கார்டு வீண் என்று நான் சொல்ல வரவில்லை; 2001-இல் 125-ஆம் இடத்திலிருந்த இவானிசெவிச் அதைக்கொண்டுதான் விம்பிள்டனை வென்றார், 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன் அதைக்கொண்டுதான் சென்னை ஓப்பனின் இறுதியாட்டம் வரை வந்தார். ஆனால் இவானிசெவிச் அதற்கு முன்பே மூன்று முறை விம்பிள்டன் இறுதியாட்டம் ஆடியவர். சோம்தேவ் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் பட்டம் வென்று பெயர் பெற்றிருந்தவர். கொடுப்பவருக்கு முன்பே தெரிந்த முகத்துக்குத்தான் வைல்டு கார்டு போய்ச் சேரும். தெரியாத முகத்துக்குத் தகுதிச் சுற்று ஒன்றுதான் வாசல்.

சென்ற ஆண்டு அந்த வாசல் வழியாக வந்த ஒரு பையனை உங்களுக்கு நினைவிருக்கலாம். தகப்பனார் ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர். விடுமுறையில் பையனும் கூடமாட வேலை செய்வான் என்பதால் நகக்கண்களில் காவிச் சாயம் ஏறியிருந்தது. அவனுக்குப் பயிற்சியாளர் கிடையாது. பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் பின்சுவரில் அடித்து அடித்துப் பழகியவன். அந்தச் சுண்ணாம்புச் சுவர் வழவழப்பானது, பந்தைச் சட்டென்று திருப்பி அனுப்பிவிடும். அதனால் அவன் எதிராளியின் சர்வீஸைக் கோட்டுக்கு உள்ளே அரையடி முன்வந்து நின்று, பந்து எழும்பி முடிவதற்குள் அடித்துவிடுவான். அப்படி நின்று ஆடுகிறவர்களை நம் பக்கத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் சுற்றில் தோற்றுத்தான் போனான். தோற்கடித்தவர் மதுரையிலிருந்து வந்த தரவரிசை ஆட்டக்காரர். ஆட்டம் முடிந்ததும் அவர் நேரே என்னிடம் வந்து, “இந்தத் தம்பி யாரிடம் பழகுகிறான்?” என்று கேட்டார். இந்த ஆண்டு உங்கள் வைல்டு கார்டு பட்டியலில் அவன் பெயர் இல்லை. அதில் எனக்கு வியப்பும் இல்லை.

தகுதிச் சுற்றில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அவனைப்போல் முதல் சுற்றிலேயே திரும்பிப் போகிறவர்கள் என்பது உண்மைதான். அதை மறைத்து நான் வாதாடவில்லை. ஷாங்காயில் நடந்தது எங்கும் எப்போதும் நடப்பதில்லை. ஆயினும் நம் பக்கத்தில் புள்ளி என்ற சொல்லுக்கு இன்னொரு கணக்கும் உண்டல்லவா? நகரத்தார் தம் கோயில்களில் குடும்பங்களை எண்ணும் கணக்கில், கடல்கடந்து கொண்டுவிற்கப் போய், அதாவது வணிகம் செய்யப் போய்ப் பெரும்பொருள் சேர்த்தவரின் குடும்பமும் ஒரு புள்ளி, கணக்கெழுதிப் பிழைத்தவரின் குடும்பமும் ஒரு புள்ளி. அப்படி எண்ணுகிற ஊரில் இருந்துகொண்டு புள்ளி இல்லாதவர் வரவேண்டாம் என்று எழுதிவைப்பது எனக்கு உறுத்துகிறது.

விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் 128 இடங்களில் 16 இடங்கள் தகுதிச் சுற்றிலிருந்து வருகிறவர்களுக்கு. அதே விகிதத்தில் நம் பதினாறில் இரண்டு இடம் போதும். எட்டுப் பேர் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால், ஆட்டத்துக்கு ஒரு செட் என்ற கணக்கில் ஆறு ஆட்டங்களும் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். விளக்குப் போட வேண்டியதில்லை. பந்துக்குச் சென்ற ஆண்டு இறுதியாட்டங்களில் ஆடி வைத்தவையே போதும். நடுவராக நான் ஊதியமின்றி உட்காருகிறேன். இன்னொரு கோர்ட்டுக்கு என்னுடன் ஆடிய நண்பர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். கோடு போடச் சுண்ணாம்பு வாங்கிவருவதும் எங்கள் பொறுப்பு. குலுக்கலுக்கு முன் குழு ஒருமுறை கூடி இதைப் பேசி முடிவைத் தெரிவித்தால், ஆத்தங்குடிக்கு நானே சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கோட்டு நடுவர்,
கண்டனூர்.